விடுபட்ட புள்ளி

புள்ளி வைத்துக் கோலமிடுதல் பெண்பாலார்க்கே உரிய கலையென்று நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். தைப்பொங்கலன்று விடியற்காலையில், மெழுகிய முற்றத்திலே எமது இல்லாள் புள்ளிகளை இட்டு அவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் செல்லும் வேளையில், பொங்கற்பானைக்கு விறகு தள்ளிக்கொண்டு ஒரு புறமாக இருப்பதே எமது பணி. அத்தகைய எமக்கு, 46ஆம் வயதிலே, புள்ளியும் கோடுங் கொண்டு கோலமிட வேண்டிய நிர்ப்பந்தம் ஒன்று கணினித் திரையிலே நேர்ந்தது. அக்கோலத்தில் ஒரு புள்ளி விடுபட்டுப் போன கதையையும், அதனைத் தேடிச் சென்ற நாம் எதனைக் கண்டோம் என்பதையும் இங்கே கூற முற்படுகின்றோம்.

நாம் ஒரு கல்லூரியிலே புவியியல் படிப்பிக்கும் பட்டதாரி ஆசிரியர். பாடசாலை விட்டால் வீடு, விடுமுறையென்றால் தோட்டம் என்று அமைதியாக இருந்த எம்மைக் கல்வி முதுமாணிப் பட்ட ஆசை வந்து பிடித்துக்கொண்டது. பட்டத்துக்கு ஆய்வு வேண்டும். ஆய்வுக்குப் பொருள் வேண்டும். ஒருநாட் காலை வரவு இடாப்பை மூடிவிட்டு எமது பத்தாந் தர வகுப்பை ஏறிட்டு நோக்கினோம். 36 மாணவர்கள். பாடம் விளங்காதவிடத்து இவர்களிற் பெரும்பாலானோர் ஆசிரியரிடம் வருவதில்லை. தமக்குள்ளேயே கேட்டுத் தெளிந்துகொள்கின்றனர். அவ்வாறாயின், யார் யாரிடம் கேட்கின்றனர்? அறிவென்னும் நீர் இவ்வகுப்பினுள்ளே எந்தெந்த வாய்க்கால் வழியாக ஓடுகின்றது? எந்தப் பாத்தியிலே தேங்குகின்றது? தோட்டக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த எமக்கு இக்கேள்வி பெரிதும் பிடித்துப் போயிற்று.

இத்தகைய கேள்வி புதியதன்று. மனநல மருத்துவரான ஜேக்கப் மொரீனோ என்பார், ஐக்கிய அமெரிக்காவிலே பாடசாலைப் பிள்ளைகளிடம், யாருக்கு அருகில் இருக்க விரும்புகின்றாய் என்று கேட்டு, பிள்ளைகளைச் சிறு குறிகளாகவும் அவர்தம் விருப்பங்களைக் கோடுகளாகவும் வரைந்து காட்டியவர். 1934ஆம் ஆண்டில் அவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார். 1932ஆம் ஆண்டிலே, நியூயோர்க் மாநிலத்து ஹட்சன் என்னும் ஊரிலிருந்த பெண்பிள்ளைகள் விடுதிப் பாடசாலை ஒன்றிலிருந்து இரண்டு வாரங்களுக்குள் 14 பிள்ளைகள் ஓடிப்போயினர். அதற்கு அவரவர் குணத்தைக் காட்டிலும், அங்கிருந்த உறவு வலையிலே அப்பிள்ளைகள் நின்ற இடமே பெரிய காரணம் என்பது மொரீனோவின் முடிபு. ஒரு பிள்ளையின் குணத்தை அறிய முனையும் ஆசிரியர்கள் பலர். அப்பிள்ளை நிற்கும் இடத்தைப் பார்ப்போர் சிலர். நாம் அச்சிலருள் ஒருவராகிவிடலாம் என்று நம்பினோம்.

அதிபரின் அனுமதியையும் பெற்றோரின் சம்மதத்தையும் பெற்றுக்கொண்டு, 2024ஆம் ஆண்டின் இரண்டாந் தவணையில், ஒரு வெள்ளிக்கிழமை இறுதிப் பாடவேளையிலே ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு துண்டுத் தாள் கொடுத்தோம். “பாடத்தில் விளங்காத ஒன்றை வகுப்பில் யாரிடம் கேட்பாய்? மூன்று பேர் வரை எழுதுக” என்பதே கேள்வி. தாளின் தலைப்பிலே தத்தம் பெயரை எழுதவேண்டும். விடைகளை வேறெவருக்குங் காட்டுவதில்லை என்று வாக்களித்தோம். பத்து நிமிடத்தில் 36 தாள்களும் மேசைக்கு வந்து சேர்ந்தன. தாள்களை எண்ணினோமேயன்றி, அங்கேயே பிரித்து வாசித்தோமல்லோம். அவற்றை நூலாற் கட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு மடிக்கணினியைத் திறந்து விரிதாள் ஒன்றில் விடைகளைப் பதியத் தொடங்கினோம். ஒரு மாணவனுக்கு ஒரு நிரை. முதல் நிரலில் அவன் பெயர். அடுத்த மூன்று நிரல்களில் அவன் குறித்த பெயர்கள். தேநீர் கொண்டுவந்த இல்லாள் திரையை எட்டிப் பார்த்தார்.

“என்னப்பா, கலியாணத்துக்குச் சொல்லுற பட்டியலோ?”

“இல்லை. வகுப்பிலை ஆர் ஆரிட்டைப் பாடம் கேக்கிறாங்கள் எண்டு பாக்கிறன்.”

“அப்ப முதலிலை எல்லாற்றை பேரையும் ஒரு பக்கத்திலை எழுதி வையுங்கோ. தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு நான் ஒழுங்கை ஒழுங்கையா வீட்டுக்கணக்கு எழுதினபடியாத்தான் ஒருத்தரும் விடுபடேல்லை. வாற போறவையை மட்டும் நினைச்சு எழுதியிருந்தால் அரைவாசிச் சனம் கோவிச்சிருக்கும்.”

பட்டதாரியாகிய நாம் புன்னகை செய்து தேநீரைப் பருகினோம். இல்லாள் சொன்னதன் பெறுமதி எமக்கு விளங்க மேலும் ஒன்பது நாட்கள் சென்றன.

அடுத்த நாள், பல்கலைக்கழகத்திலே புள்ளிவிபரவியல் கற்கும் எமது பழைய மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். ‘ஆர்’ என்னும் ஓரெழுத்துப் பெயர்கொண்ட மென்பொருளை எமது கணினியிலே நிறுவினார். நியூசிலாந்தின் ஓக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990களின் தொடக்கத்திலே ரொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் என்னும் இருவர் ஆக்கத் தொடங்கிய மென்பொருள் அது. இருவரது முதற்பெயரும் ஆங்கிலத்தில் அதே எழுத்திலேயே தொடங்குகின்றன. விலை கிடையாது, ஆசிரியர்க்கு மிகவும் உகந்த விலை என்று மகிழ்ந்தோம். அதனோடு இணைத்து இயக்குதற்கு ‘ஐகிராப்’ என்னும் பொதி. இதனை ஆக்கியோர் காபோர் சார்டி, தமாஷ் நெபுஸ் என்னும் ஹங்கேரியர் இருவர். 2006ஆம் ஆண்டிலே இதுபற்றி உலகுக்கு விளக்கிக் கட்டுரை வரைந்தனர். வலையமைப்பு ஒன்றைப் படமாக வரையவும், யாரிடம் எத்தனை கோடுகள் வந்து சேர்கின்றன என்று எண்ணவும் வல்லது அப்பொதி.

எமது விரிதாளைப் பார்த்த அந்த இளைஞர், “சேர், நீங்கள் மனிசர் வாசிக்கிற மாதிரி எழுதியிருக்கிறியள். இதை மிசின் வாசிக்கிற மாதிரி மாத்தோணும்” என்றார்.

மாற்றுதற்கு இரண்டு வழிகள் உள என்று அவர் விளக்கினார். ஒன்று தாயம். 36 பெயர்களையும் நிரைகளாகவும் அதே 36 பெயர்களையும் நிரல்களாகவும் இட்டு, ஒருவன் மற்றவனைக் குறித்திருந்தால் உரிய கலத்தில் 1 என்றும், குறிக்காவிடிற் பூச்சியம் என்றும் எழுதுதல். இதற்கு 1,296 கலங்கள் வேண்டும். அவற்றுட் பெரும்பாலானவை பூச்சியங்களாகவே இருக்கும். மற்றையது இணைப்புப் பட்டியல். இரண்டே நிரல்கள், இடப்புறத்திற் கேட்பவன், வலப்புறத்திற் கேட்கப்படுபவன். ஓர் இணைப்புக்கு ஒரு நிரை. 36 பேருக்கும் மும்மூன்று பெயர்கள் என்றால் 108 நிரைகள். “பூச்சியங்களை எழுதிக் கைநோவதேன்?” என்று எண்ணி இரண்டாவது வழியையே தெரிந்தோம். சிக்கனம் எப்போதும் நன்மையே தரும் என்பது எமது நம்பிக்கையாயிருந்தது.

பட்டியலை மென்பொருளிடம் ஒப்படைத்து முதற் படத்தை வரைவித்தோம். திரையிலே 53 புள்ளிகள் தோன்றின. வகுப்பில் இருப்பவரோ 36 பேர். இந்தப் பதினேழு பேர் எந்தப் பாடசாலையிலிருந்து சேர்விடுகைப் பத்திரம் பெற்று வந்தனர்? அதனினும் வியப்பு, வகுப்பிலேயே அதிகமானோரால் நாடப்பட்டவன் என்று படத்தின் நடுவே வீற்றிருந்த புள்ளிக்குப் பெயரே இல்லை. ‘என்.ஏ.’ என்ற இரண்டு எழுத்துக்கள் மாத்திரம் அதன்மேற் காணப்பட்டன. பதினேழு கோடுகள் அதனை நோக்கி ஓடின. வெற்றுக் கலம் ஒன்றைக் கண்டால், ‘தரவு இல்லை’ என்பதைக் குறிக்க இவ்வெழுத்துக்களை இடுவது மென்பொருளின் வழக்கம். இரண்டு பேரை அல்லது ஒருவரை மட்டும் எழுதிய மாணவர்களின் வெறுமையான கலங்கள் எல்லாம் ஒன்றுதிரண்டு, ‘இல்லாதவன்’ என்னும் ஒருவனைச் சிருட்டித்து, அவனையே வகுப்பின் தலைவனாக்கிவிட்டிருந்தன. நாம் வாய்விட்டுச் சிரித்தோம். அச்சிரிப்பை இன்று நினைக்குந்தோறும் நாணுகின்றோம்.

எஞ்சிய பதினாறு பேரையும் தேடிப் பிடிப்பதிலே ஒரு வாரம் கழிந்தது. அவர்கள் யாவரும் எமது மாணவர்களின் நிழல்களே. ஒருவனைச் சிலர் முதலெழுத்தோடு எழுதியிருந்தனர், சிலர் முதலெழுத்தின்றி எழுதியிருந்தனர், மற்றுஞ் சிலர் வீட்டுப் பெயரால் எழுதியிருந்தனர். ஆக அவன் மூன்று பேரானான். பெயரின் ஈற்றிலே தவறுதலாக ஓர் இடைவெளி தட்டப்பட்டாலும் கணினிக்கு அவன் வேறொருவனே. வகுப்பிலே நிரோசன்கள் இருவர். முதலெழுத்தின்றி ‘நிரோசன்’ என்று எழுதப்பட்ட இடங்களிலெல்லாம், எந்த நிரோசன் என்று எழுதியவர்களையே தனித்தனியாகக் கேட்டறிந்தோம். (இக்கட்டுரையில் வரும் பெயர்களை மாற்றியே எழுதுகின்றோம்.)

தமிழிலே எழுதுவோர்க்கு இவற்றின்மேலும் தனித்த துன்பங்கள் உள. ‘கோகுலன்’ என்ற பெயரைப் பாருங்கள். அதன் முதலெழுத்திலுள்ள ஓகாரக் குறியை யுனிக்கோட் முறையிலே ஒரே குறியாகவும் பதியலாம். இரட்டைக் கொம்பையும் அரவையும் தனித்தனியே இட்டும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் வேறு. ஆகவே திரையிலே இரண்டு கோகுலன்கள், எழுத்துக்கெழுத்து ஒன்றாகவே தோன்றிக்கொண்டு, ஒருவரையொருவர் அறியாதவர் போல இரு மூலைகளிலே நின்றனர். இவ்வகைக் குறிகளையெல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கட்டளை ஒன்று உண்டென்பதை எமது பழைய மாணவர் காட்டிய பின்னரே எமக்கு உயிர் வந்தது.

இனி, பாமினி எழுத்துரு. எமது நாட்டிலே தட்டச்சிடக் கற்றவர்க்கு அதனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. முன்னர் பாமினியிலே தட்டப்பட்டிருந்த வகுப்புப் பெயர்ப்பட்டியல் ஒன்றிலிருந்து சில பெயர்களைப் பிரதிசெய்து எமது விரிதாளில் ஒட்டியிருந்தோம். பாமினியில் ‘தமிழ்’ என்று தோன்றுவது உண்மையில் ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துருவென்னும் ஆடையைக் களைந்துவிட்டாற் சொல் புரியாது. அதிலே ‘இ’ என்னும் எழுத்துக்கு இருப்பது காற்புள்ளி. கலங்களைக் காற்புள்ளியாற் பிரித்துச் சேமிக்கும் கோப்பிலே, மேற்கோட்குறிக்குள் அடைத்துக் காக்காவிடின், ‘இளங்கோ’ என்ற பெயர் தலைவேறு உடல்வேறாகிவிடும். 

விரிதாளும் தன் பங்குக்கு எம்மைச் சோதித்தது. மூன்றாம் வரிசை ஐந்தாம் இருக்கை என்ற கருத்திலே ‘3-5’ என்று ஒரு கலத்தில் எழுதினோம். அது மே மாதம் மூன்றாந் திகதியாக மாறிவிட்டது. இதற்காக நாம் வெட்கப்படவில்லை. மரபணு ஆராய்ச்சியாளர்க்கே இக்கதி நேர்ந்திருக்கின்றது. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டெம்பர் மாதங்களின் பெயர்களைப் போல இருந்தமையால், எக்செல் விரிதாள் அவற்றைத் திகதிகளாக்கிவிட்டது. விரிதாளிலே மரபணுப் பட்டியல் இணைத்து வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றிலே இவ்வகைப் பிழை இருந்ததென 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. ஈற்றில் விரிதாளைத் திருத்துவதினும் மரபணுக்களின் பெயரையே மாற்றுதல் எளிதென்று கண்டு, 2020ஆம் ஆண்டிலே பெயர்களை மாற்றியமைக்கு வழிசெய்தனர்.

ஆகவே நாமும் பெயர்களைக் கைவிட்டு எண்களுக்கு மாறினோம். 1 முதல் 36 வரை ஒவ்வொருவனுக்கும் ஓர் இலக்கம். இதனால் மாணவரின் அந்தரங்கமும் காக்கப்படும். ஓரிடத்தில் ‘07’ என்றும் மற்றோரிடத்தில் ‘7’ என்றும் எழுதி மேலும் ஒருநாளை இழந்தோம் என்பதை விரித்துரைக்க விரும்பவில்லை. நிழல்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. 53 என்பது 37 ஆயிற்று. இன்னும் எஞ்சியிருந்த வேற்றாள் ‘இல்லாதவன்’ ஒருவனே. வெற்றுக் கலம் உள்ள பதினேழு நிரைகளையும் நீக்கும்படி கட்டளையிட்டோம். 91 நிரைகள் எஞ்சின. மனநிறைவோடு படத்தை மீண்டும் வரைவித்தோம்.

புள்ளிகள் 35.

முதலில் நாம் எண்ணியது, இருவரைத் தவறுதலாக ஒருவராக்கிவிட்டோம் என்பதே. நிரோசன்களைப் பார்த்தோம், இருவரும் இருந்தனர். கோகுலனைப் பார்த்தோம், அவன் உரியபடி ஒருவனாகவே இருந்தான். இரவு பதினொரு மணியாயிற்று. இல்லாள் விளக்கை அணைத்துவிட்டு உறங்கப் போய்விட்டார். நாம் பையிலிருந்து வரவு இடாப்பின் பிரதியை எடுத்து, திரையிலுள்ள எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பென்சிலாற் குறியிட்டு வந்தோம். இருபத்தொன்று உண்டு. இருபத்துமூன்று உண்டு. இருபத்திரண்டு இல்லை.

தாட்கட்டை அவிழ்த்து 22ஆம் இலக்கத்துக்குரிய தாளைத் தேடி எடுத்தோம். தலைப்பிலே திருத்தமான கையெழுத்தில் அவனது பெயர் இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை. பிறகு, ஏனைய முப்பத்தைந்து தாள்களையும் மறுபடியும் வாசித்தோம். அவனது பெயரை எழுதியவர் ஒருவருமில்லர்.

நிகழ்ந்தது என்னவென்று அப்போதே விளங்கியது. பதினேழு வெற்றுக் கலங்களுள் மூன்று அவனுடையவை. முதற் படத்திலே அவன் அந்த ‘இல்லாதவனை’ப் பற்றிக்கொண்டாவது ஓர் ஓரத்திலே நின்றான். நாம் தரவைச் சுத்தஞ் செய்கின்றோம் என்ற பெயரில் வெற்று நிரைகளைத் துடைத்தபோது, அவற்றோடு அவனையும் சேர்த்துத் துடைத்துவிட்டோம். இணைப்புப் பட்டியலுக்கு இணைப்பு உள்ளவனை மட்டுமே தெரியும். ஒருவரையும் நாடாமலும் ஒருவராலும் நாடப்படாமலும் இருப்பவனுக்கு அதிலே ஒரு நிரைதானும் கிடையாது. நாம் சிக்கனம் கருதித் தள்ளிய தாயத்திலே அவனுக்கு ஒரு நிரையும் ஒரு நிரலும் இருந்திருக்கும். அவை முழுவதும் பூச்சியங்களாயினும், அவனுக்குரிய இடமாக இருந்திருக்கும்.

மென்பொருளைக் குறைகூற இடமில்லை. அதனிடம் இரண்டு அட்டவணைகளைக் கொடுக்கலாம் என்று பழைய மாணவர் முதல்நாளே சொல்லியிருந்தார். இணைப்புப் பட்டியல் ஒன்று, ஆட்பட்டியல் மற்றொன்று. ஆட்பட்டியலைக் கொடுத்தால், இணைப்பில்லாதவனும் தனிப்புள்ளியாகப் படத்தில் இடம்பெறுவான். அதுமட்டுமன்று; ஆட்பட்டியலில் இல்லாத பெயரொன்று இணைப்புப் பட்டியலில் வந்தால், மென்பொருள் அதனை ஏற்க மறுத்துப் பிழையென்று அறிவிக்கும். நிழல்களைப் பிடிக்க நாம் செலவிட்ட வாரத்திற் பெரும்பகுதியும் மிஞ்சியிருக்கும். இல்லாள் தேநீரோடு சொன்னதும் இதனையேயன்றோ? ஆர் வருகின்றனர் என்று எழுதுமுன்னர் ஆர் இருக்கின்றனர் என்று எழுதுக. பத்தொன்பது வருடங்களாக நாள்தோறும் காலையில் இடாப்பை விரித்துப் பெயர் கூப்பிடும் எமக்கு இது தோன்றாமற் போயிற்றே!

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வருந்தியது அட்டவணைக்காக அன்று. 22ஆம் இலக்கத்தானின் குரல் எப்படியிருக்கும் என்று நினைவுகூர முயன்றோம். இடாப்புக் கூப்பிடும்போது “இருக்கிறேன்” என்று சொல்வதன்றி வேறொரு சொல்லும் எம் செவியில் ஒலிக்கவில்லை. முதலாந் தவணையின் நடுவிலே வேறொரு பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்தவன். தூரக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருகின்றவன். முதல் மணியோடு வந்து, கடைசி மணியோடு ஓடுகின்றவன்; ஓடாவிடின் அடுத்த பஸ்ஸுக்கு ஒன்றரை மணிநேரம் நிற்க வேண்டும். வீட்டுவேலை தவறாது செய்வான். குழப்படி இல்லை. அவனைப்பற்றி எமக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. முறைப்பாடு வராத பிள்ளையைப்பற்றி ஆசிரியர் அறிந்துகொள்வது எவ்வளவு சொற்பம்! கூடிக் கற்பதற்கென்று நாம் பெருமையோடு ஏற்படுத்திய அரைமணிநேரக் குழுப்படிப்பும் பாடசாலை விட்ட பின்னரே நடந்தது. அவனைத் துடைத்தெறிந்தது விரிதாள் மாத்திரமன்று. எமது நேரசூசியும் அதனை முன்னரே செய்திருந்தது.

திங்கட்கிழமை இடைவேளையில் அவனை நூலக வாசலிலே தனியாகக் கண்டோம்.

“தம்பி, அண்டைக்குத் தந்த தாளிலை ஏன் ஒண்டும் எழுதேல்லை?”

அவன் பேசாது நின்றான்.

“பிழையெண்டு சொல்லேல்லை. அறிய வேணும் போலை இருந்தது.”

“எனக்கு எல்லாற்றை பேரும் தெரியும் சேர். எழுதியிருக்கலாம்.”

“பேந்தேன் எழுதேல்லை?”

“நான் எழுதுற ஆக்கள் என்னை எழுத மாட்டினம் எண்டு தெரியும் சேர். அப்பிடி எழுதினால் அது பொய்தானே.”

மறுமொழி கூற எமக்கு வாய் எழவில்லை. வலையமைப்பை ஆராய்வோர் ஓர் இணைப்புக்குத் திசை உண்டா இல்லையா என்பதைத் தொடக்கத்திலேயே தீர்மானித்து மென்பொருளுக்குச் சொல்லவேண்டும். கடன் கொடுத்தலுக்குத் திசை உண்டு. உடன்பிறத்தலுக்குத் திசை இல்லை. உதவி கேட்டலுக்குத் திசை உண்டு என்று கொண்டு நாம் அம்புகளாற் படம் வரைந்தோம். அந்தப் பிள்ளையோ, இருவரும் ஒருவரையொருவர் எழுதினாலன்றி அஃது இணைப்பாகாது என்று கொண்டிருக்கின்றான். ஆய்வு செய்யப் புறப்பட்ட எம்மைக்காட்டிலும் அவனே அவ்வினாவை ஆழ்ந்து யோசித்திருந்தான்.

இதன்பின் நாம் செய்தவை பெரிய காரியங்கள் அல்ல. குழுப்படிப்பைப் பாடசாலை விட்ட நேரத்திலிருந்து புவியியற் பாடவேளைக்குள்ளேயே கொண்டுவந்தோம். ஒரு இஞ்சி வரைபடத்தை நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் குழுக்கள். இடாப்பு இலக்கப்படி வாரத்துக்கு வாரம் ஆட்கள் மாறுவர். அவனுக்கென்று தனியே எதனையும் செய்தோமல்லோம். வகுப்பின் முன்னே ஒருவன்மீது இரக்கங் காட்டுதல் அவனை மேலும் தனிமைப்படுத்தும் என்பதை எம் அநுபவத்தில் அறிவோம். படத்தை ஆசிரியர் ஓய்வறையிலே ஒட்டலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டபோது மறுத்துவிட்டோம். எண்கள் மட்டுமே இருந்தாலும், தனித்து நிற்கும் புள்ளி யாரென்று கண்டுபிடிக்க அவ்வகுப்பு மாணவனுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஆட்பட்டியலையும் சேர்த்துக் கொடுத்து வரைவித்த படத்திலே 36 புள்ளிகளும் வந்தன. ஆய்வறிக்கைக்கு வேண்டிய பல செய்திகளை அப்படம் தந்தது. பரீட்சையில் முதலாவதாக வருபவனை நாடுவோர் நால்வரே. நடுத்தரமான புள்ளிகள் பெறும் ஒருவனை நோக்கிப் பதினொரு அம்புகள் செல்கின்றன. கற்றவனைக் காட்டிலும், கேட்டாற் சினவாதவனையே பிள்ளைகள் நாடுகின்றனர் போலும். மேற்பார்வையாளர் அப்பகுதியைப் பாராட்டினார். எமது கண்களோ ஒவ்வொரு முறையும் படத்தின் ஓரத்திற்கே சென்றன.

மூன்றாந் தவணையின் ஈற்றிலே அதே கேள்வியை மீண்டும் கேட்டோம். இம்முறை தாள்களை வீட்டுக்குக் கொண்டுவரும்வரை பொறுத்திருக்க எம்மால் முடியவில்லை. வெறுமையாகிய வகுப்பறையிலேயே 22ஆம் இலக்கத் தாளைப் பிரித்தோம். ஒரு பெயர் எழுதப்பட்டிருந்தது. ஒன்றே ஒன்று. அவனாற் குறிக்கப்பட்ட மாணவனின் தாளையும் எடுத்துப் பார்த்தோம். அதிலே மூன்று பெயர்கள் இருந்தன. இவனது பெயர் அவற்றுள் இல்லை.

ஆகவே இரண்டாவது படத்திலே ஓர் அம்பு 22இலிருந்து புறப்பட்டுச் செல்கின்றது. திரும்பி வரும் அம்பு இல்லை. கதையாயின் வேறுவிதமாக முடித்திருப்போம். ஆயினும், திரும்பி வராததை எழுதுவது பொய் என்று சொன்ன பிள்ளை, வராது என்று அறிந்தும் ஒரு பெயரை எழுதியிருக்கின்றான். முதலாவது படத்திலே இடாப்பின் தயவால் நின்றவன், இதிலே தன் கையெழுத்தால் நிற்கின்றான். அதற்குமேல் அப்படத்திலிருந்து எதனையும் வாசித்துச் சொல்ல எமக்குத் துணிவில்லை.

2025ஆம் ஆண்டின் தைப்பொங்கலன்று விறகு தள்ளுவதை விட்டு எழுந்து, இல்லாள் கோலமிடுவதைச் சற்றே நின்று பார்த்தோம். அவர் கோட்டை அவசரப்பட்டுத் தொடங்கவில்லை. முதலிலே புள்ளிகள் அனைத்தையும் இட்டார். வரிசை வரிசையாக எண்ணிப் பார்த்தார். ஓர் ஓரத்திலே மாவு மங்கலாக விழுந்திருந்த புள்ளி ஒன்றன்மேல் மீண்டும் ஒரு சிட்டிகை மாவை வைத்தார். அதன் பின்னரே முதற்கோடு புறப்பட்டது.

“என்னப்பா மலைச்சுப் போய் நிக்கிறியள்? பால் பொங்கி வருகுது, வெடியைக் கொளுத்துங்கோ!”

நாம் தீப்பெட்டியைத் தேடி ஓடினோம்.